மூன்றாம் நாளின் கடன்

வீதியில் வீழ்ந்தவரைத் தூக்கிவிடுவது மனிதப் பண்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், தூக்கிவிட்ட பின்னர் அவர் வீட்டில் உலை கொதிக்க வழி செய்வது யார் பொறுப்பு? அவ்வுதவி ஈகையா, கடனா? மிதிவண்டி ஓட்டுவோர் குழுக்கள் நம் நகரங்களில் பெருகிவரும் இவ்வேளையில், இவ்வினாவைச் சற்றே ஆராய்வது நலம்.

1995 ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியில், பிரனீசு மலைச்சரிவில் இறங்குகையில், ஃபாபியோ கசார்தெல்லி என்னும் இத்தாலிய வீரர் விழுந்து மாண்டார். 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவருக்கு அப்போது வயது 24. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். மறுநாள் வீரர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடவில்லை. ஒன்றாக, மெதுவாகச் சென்றனர். இறுதிக் கோட்டை அவருடைய அணியினர் முதலில் கடக்க வழிவிட்டனர். அன்றைய பரிசுப் பணத்தைத் திரட்டி அவர் குடும்பத்திற்கு அளித்தனர். விபத்தில் சிதைந்த அவர் வண்டி, இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே உள்ள கிசாலோ அன்னையின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1949 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தது அந்த அன்னையையே.

வீரர்கள் ஏன் அளித்தனர்? இரக்கத்தால் என்றால் பாதியே சொன்னதாகும். அதே சரிவில் அத்தனை பேரும் இறங்கினர், எவரும் வீழ்ந்திருக்கக்கூடும். ஓர் ஆபத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள, அதன் விலையை ஒருவரே செலுத்த நேரும்போது, மற்றவர்கள் அவருக்குக் கடன்பட்டோர் ஆகின்றனர். ஆகவே அது பிச்சையன்று, பங்கீடு. அதைப் பெறுபவர் தலைகுனிய வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். கோர்வைப் புடவை நெய்யும் தறியில், ஒரு பக்கக் கரைக்கான நாடாவை வீச உடன் ஓர் ஆள் அமர்வது மரபு. ஒருவர் கை ஒடிந்தால் இருவர் பிழைப்பும் நிற்கும். குழித்தறிக்குக் கால்மிதி வேண்டும். ஆதலால் கால் முறிந்தவருக்கு மிதிவண்டியும் இல்லை, தறியும் இல்லை. புடவைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்கு நெய்யாத நாள் கூலியற்ற நாளே.

இனி, கடனுக்கு எல்லை எது? விடியற்காலையில் தலைக்கவசம் அணிந்து, விலையுயர்ந்த வண்டியில் உடல்நலத்திற்காகச் செல்வோர் ஒருபுறம். இரவுக் காவல் முடித்துப் பழைய வண்டியில் வீடு திரும்புபவரும், பால் கேன் மாட்டிச் செல்பவரும் மறுபுறம். முன்னவர் விழுந்தால் தோழர்கள் ஓடிவருவர். கைப்பேசி வழியே பணம் சேரும். பின்னவருக்கு அத்தகைய குழு இல்லை. ஆயினும் சாலைப் பள்ளமும் லாரிச் சக்கரமும் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஆபத்தைப் பகிர்வதே கடனுக்கு அடிப்படை என்றால், அந்தக் காவலாளியும் குழுவைச் சேர்ந்தவரே.

அரசு இருக்கிறதே எனலாம். மோதிய மோட்டார் வாகனம் தெரிந்தால் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். மோதிவிட்டு ஓடிய வாகனத்தால் கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாய் என 2022 ஏப்ரல் முதல் விதி உண்டு. பள்ளத்தில் தாமே விழுந்தவர் எந்த வாகனத்தின் காப்பீட்டைக் கேட்பார்? தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணிநேர உயிர்காக்கும் சிகிச்சைக்கானது. உயரிய திட்டம். ஆனால் 48 மணிநேரம் என்பது இரண்டு நாள். மூன்றாம் நாள் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கதவைத் தட்டுகின்றன.

லூக்கா நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் வரும் சமாரியரும் இரண்டு தெனாரியமே கொடுத்தார். கூலியாளின் இருநாள் கூலி அது. ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வருகையில் ஈடுசெய்வதாகச் சாவடிப் பொறுப்பாளரிடம் உறுதி கூறினார். காயத்தில் வார்த்த எண்ணெய் பலர் நினைவில் நிற்கிறது, இவ்வுறுதிமொழி நிற்பதில்லை. வீழ்ந்தவர் தம் இனத்தவரா, வீழ்ந்தது எவர் தவற்றால் என்று அவர் வினவியதாக உவமை கூறவில்லை. இருவரும் கள்வர் திரியும் ஒரே சாலையில் சென்றவர்கள், அதுவே போதுமானதாயிற்று.

மணிமேகலை காஞ்சியில் பசித்தோர்க்கு உணவளித்த அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாதது. நம் பணப்பையோ குறைவது. எனவே விபத்துக்குப் பின் கையேந்துவதைவிட, முன்னரே மாதந்தோறும் சிறுதொகை சேர்ப்பது நன்று. நம் ஊர்களில் மொய் எழுதும் வழக்கம் உண்டு. கொடுத்தவர் வீட்டு விழாவில் அது திருப்பிச் செலுத்தப்படும். வீழ்ந்தவருக்கு எழுதும் மொய், கொடுத்தவருக்கன்றி அடுத்து வீழ்பவருக்குத் திரும்பட்டும். அந்நிதியில் ஒரு பகுதி, பட்டியலில் பெயரில்லாத அயலாருக்கென ஒதுக்கப்படட்டும். மூன்றாம் நாள், அவர்தம் இல்லத்திற்கு எவரேனும் ஒருவர் நேரில் சென்று என்ன தேவை எனக் கேட்கட்டும்.