ஊன்றுகோலும் திருவருளே

சைவாசிரியப் பெருமக்காள்! சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரை நீங்கியபொழுது இரு கண்ணொளியும் இழந்தனர் என்பதும், அவ்வொளி ஒருங்கே மீளவில்லை என்பதும் நீவிர் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் சரிதமேயாம். திருவெண்பாக்கத்தில் இறைவன் அருளியது ஊன்றுகோல் ஒன்றே. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணோ திருவாரூரை அடைந்த பின்னரே கிடைத்தது. இச்சரிதம் இக்காலத்து இருதய நோயாளர் சிலர்க்கு உற்ற துணையாதலை ஈண்டுச் சிந்திப்பாம்.

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்குதல் ஒரு நோய். அதனைத் தூண்டும் மின்னெழுச்சிகள் பெரும்பாலும் நுரையீரலினின்று இருதயத்துக்கு இரத்தங் கொணரும் நாளங்களிற் பிறப்பன என்பதைப் பிரான்சு தேசத்துப் போர்தோ நகர வைத்தியர் 1998இல் வெளியிட்டனர். ஆகவே, தொடைமூலத்து நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்நாளங்களின் வாயிலைச் சுட்டேனும் குளிரால் உறைவித்தேனும் வடுவாக்கி, மின்னோட்டத்தைத் தடுக்கின்றனர். வடு முதிரும் முதற் சில வாரங்களில் நடுக்கம் மீளுதலும், பின்னர் அடங்குதலும் உண்டு. சிலர்க்கோ ஆண்டுகள் கழிந்தும் மீளும். மறுமுறை சிகிச்சையும் வேண்டப்படும்.

அங்ஙனம் மீண்டவிடத்து, நள்ளிரவில் நெஞ்சு படபடக்க விழித்திருப்பவர், "நேர்த்தி வைத்தேன், சிகிச்சையுஞ் செய்வித்தேன், சிவபெருமான் என்னைக் கைவிட்டனரோ?" என்று கலங்குவர். அவரை நோக்கி, "எல்லாம் உமது வினை" என்று கூறி அப்பாற் செல்வார் நம்முள்ளும் உளர். இது சைவமாகுமா? பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்னும் துணிபு நம்மை நாம் தேற்றிக்கொள்ளுதற்கேயாம். பிறர் நெஞ்சைச் சுடுதற்கன்று. வினைப்பயனை ஊட்டும் இறைவனே மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவிக்கின்றான்.

ஆதலின் மருந்தும் ஓர் ஊன்றுகோலாம். துடிப்புச் சீர்ப்பட்டதென்று எண்ணி, இரத்தம் உறையாது காக்கும் மருந்தை வைத்தியரைக் கேளாது நிறுத்துதல், வழிநடுவே கோலைக் கைவிடுதல் போலும். மேலறையிற் கட்டியாகும் இரத்தம் மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை விளைத்தல் கூடும். மார்புநோவு, மூச்சுமுட்டு, மயக்கம் உண்டாயின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

சுவாமிகள் ஒளி முற்றும் வருங்காறும் வழிபாட்டைத் தள்ளிவைத்தாரல்லர். கோலூன்றியே தலந்தோறுஞ் சென்றனர். தோழமையால் இறைவனோடு ஊடியும் பாடினர். நெஞ்சு தாளந் தப்பினும் நினைவில் ஐந்தெழுத்துத் தப்பவேண்டுவதில்லை. ஆசிரியர்காள்! நும் பாடசாலையில் இந்நோயால் வருந்துவார் ஒருவர் உளராயின், அவர் இளைத்த நாளில் அவர் வகுப்பை நீவிர் ஏற்று நடத்துக. அஞ்சிய வேளையில் அருகிருந்து கேட்க. இறைவன் அவர்க்கு அருளும் ஊன்றுகோல் நீவிராகவும் இருக்கலாம்.

திருச்சிற்றம்பலம்.