காதில் விழும்படி

குறளின் எண்ணைச் சொன்னால் அதிகாரத்தைக் கண்டுபிடிக்க மகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். 785 என்றால் கடைசி ஐந்தை ஒதுக்கிவிட்டு, 78-உடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். 79ஆம் அதிகாரம், நட்பு, அதில் ஐந்தாவது குறள். பூஜ்யத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம். 790 என்றால் அதே நட்பில் பத்தாவது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே கண்டுகொண்டாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, "ஏதாவது ஒரு நம்பர் சொல்லும்மா" என்றாள். சொன்னேன். சரியாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பிறகு மேடையில்கூட நான் பார்க்கவில்லை.

தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திருக்குறள் முற்றோதல் பரிசு தருகிறது. 1330 குறளும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. தேர்வு செய்ய உட்கார்ந்திருப்பவர்கள் ஓர் இயலின் பெயரைச் சொல்வார்கள், அதிகாரத்தின் எண்ணைச் சொல்வார்கள், குறளின் எண்ணைச் சொல்வார்கள். எங்கே தொட்டாலும் அங்கிருந்து தொடங்கத் தெரிய வேண்டும். 'கடவுள் வாழ்த்'திலிருந்து வரிசையாக ஓடிவந்து பிடிக்கும் பிள்ளைக்கு அங்கே மூச்சு வாங்கிவிடும்.

*

நாகர்கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. தோவாளைப் பூச்சந்தை பக்கம்தான். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, பூக் கட்டிக் கொடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் நான் தையல் இயந்திரத்தை நிறுத்தி, அதன் பலகையில் மு.வ. தெளிவுரையை விரித்து வைத்துக்கொள்வேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று சொல்லுவாள். அத்தை முறத்தில் பிச்சிப்பூவோடு தரையில் உட்கார்ந்திருப்பார். முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று. அத்தையின் விரல்கள் நார் சுற்றி முடிபோடுகிற வேகமும் மகளின் குரலும் எப்போது ஒன்றுசேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அவள் ஒரு குறளில் தடுக்கியபோது, நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க, அத்தையின் கை முடிபோடாமல் நின்றது. நிமிராமலேயே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. காதால் மட்டுமே கற்றவர்கள் நம் ஊரில் எத்தனையோ தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள்.

*

காமத்துப்பாலையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். 250 குறளை விட்டுவிட்டு எப்படி முற்றோதலாகும்? தவிர, அதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்பதுதான் என் எண்ணம். அவள் அதை ஒலியாகச் சொல்கிறாள். பொருள் வர வேண்டிய காலத்தில் வரும்.

அத்தைக்கு ஏற்கெனவே வந்திருந்தது. 116ஆம் அதிகாரம், பிரிவாற்றாமை. மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பத்துக் குறளையும் அவள் சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லு மக்களே" என்பார். அடுத்த நாளும் அதையே கேட்பார். ஆச்சி தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து மகள் இன்னும் அழுத்தமாக, பிசிறில்லாமல் சொல்லுவாள். எங்கள் வீட்டில் அவள் மிகச் சுத்தமாகச் சொல்லும் அதிகாரம் அதுவாகவே ஆகிப்போனது.

*

கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. அதிகாரத்துக்கு ஓர் அடி. கணபதி ஸ்தபதி அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: பீடம் 38 அடி, அது அறத்துப்பால். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். சின்ன வயதிலிருந்து மகள் அந்தச் சிலையைப் பார்த்து வளர்ந்தவள். மனப்பாடத்தை அவள் அளந்தது அதை வைத்துத்தான். 'ஊழ்' முடிந்த அன்று அப்பாவிடம், "பீடம் ஏறியாச்சு. இப்பதான் பாதத்துக்கிட்ட நிக்கேன்" என்றாள். 'கயமை' முடிந்தபோது, "நெஞ்சுக்கு வந்துட்டேன்." எத்தனை குறள் ஆயிற்று என்று யார் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். எனக்கு அது பிடித்திருந்தது. மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை. ஏற வேண்டிய உயரம் கண்ணெதிரே தெரிகிறது, அவ்வளவுதான்.

*

எங்கள் வீடுகளில் பிள்ளையை நேருக்கு நேர் புகழ்வதில்லை. கண் பட்டுவிடும் என்பார்கள். நல்லது நடந்த அன்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். 'நல்லா செஞ்சே' என்ற வார்த்தை மட்டும் வராது. என் அப்பாவும் அப்படித்தான். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்து, வீட்டுக்கு வந்த உறவினரிடம் அதைக் காட்டி, அடுக்களையில் நின்ற எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேசினார். அவர் அவ்வளவு உரக்கப் பேசுகிறவர் அல்ல.

என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். டிப்போவில் எல்லோரிடமும் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருடன் வேலை செய்கிற ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. "எங்க, குறள் பிள்ளையைக் கூப்பிடுங்க. ட்ரிப்புக்கு ட்ரிப் உங்க அப்பா உன் கதையைத்தான் சொல்லுதாரு" என்றார். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நேராகச் சொல்லாததைக் குறை என்று நான் நினைக்கவில்லை. பெருமை மூன்றாம் ஆள் வழியாக வரும்போது அதில் கொஞ்சம் சாட்சியமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்காரர்கள் தரும் புகழைப் பிள்ளைகள் முழுதாக நம்புவதில்லை. பாசத்தில் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தான் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றிப் பேசப்பட்டது என்று அறிவது வேறு. ஆனால் ஒன்று: அது பிள்ளையின் காதில் விழ வேண்டும். டிப்போவில் பேசியது டிப்போவிலேயே நின்றுவிட்டால் யாருக்கு என்ன பயன்? எத்தனையோ அப்பாக்கள் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளோ அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்று எண்ணியே வளர்ந்து பெரியவர்களாகி, அப்பாவின் பதினாறாம் நாளன்று மற்றவர் சொல்லிக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையை நான் நெருங்கிய சொந்தத்தில் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் தாங்கவில்லை.

*

மக்கட்பேறு ஏழாம் அதிகாரம். அதில் 69ஆம் குறள் தாயைப் பற்றியது. பெற்றெடுத்த நேரத்து மகிழ்ச்சியைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒன்று அவளுக்கு உண்டு, தன் பிள்ளையை நிறைவுள்ளவன் என்று மற்றவர் சொல்லிக் கேட்பது, என்கிறார் வள்ளுவர். அவள் பார்த்து மகிழ்ந்தாள் என்று சொல்லவில்லை. கேட்டு மகிழ்ந்தாள் என்கிறார். ஏன் கேட்க வேண்டும்? பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், அதனால் என்று விளக்கம் எழுதினார் பரிமேலழகர். பெரிய உரைகாரர், அவர் இல்லாமல் பல குறளுக்குள் நுழையவே முடியாது. இந்த இடத்தில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தாய்க்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்குவாள், எந்த இரவில் தூக்கத்தில் குறள் முணுமுணுத்தாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். தனக்குள் மட்டும் தெரிந்திருந்த ஒன்றை வெளியே ஒரு வாய் சொல்லும்போதுதான் அது ஊருக்கும் தெரிந்த உண்மை ஆகிறது. அந்த மகிழ்ச்சிதான் அது.

ரேஷன் கடை வரிசையில் எனக்கு அது நடந்தது. முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள். "அந்தப் பூக் கட்டுத பாட்டிக்குப் பேத்தி, எந்த நம்பர் சொன்னாலும் குறள் சொல்லுதாம். நம்ம பிள்ளைகளும் இருக்கே." நான் அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ளவும் இல்லை. பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும், அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் மகளிடம் சொன்னேன். "யாரு சொன்னா? எப்படிச் சொன்னா? திரும்பச் சொல்லு" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

*

ஆண்டு விழாவில் சாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டு நடனங்கள். அதற்கு நடுவே இவளுக்குக் கொஞ்ச நேரம் தந்திருந்தார்கள். கேட்கிறவர்கள் கேட்கலாம், அவள் சொல்லுவாள் என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். முதலில் எல்லோரும் எண்கள் கேட்டார்கள், பெரிய பெரிய எண்களாக. பிறகு வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து உழவு கேட்டார். 104. பத்தையும் சொன்னாள். கைதட்டல்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். இடுப்பில் கைக்குழந்தை. "கள்ளுண்ணாமை" என்றார்.

பந்தல் சட்டென்று அடங்கிவிட்டது. அந்தப் பெண் வேறொன்றும் பேசவில்லை, உட்காரவும் இல்லை. மகள் மைக்கைப் பிடித்து 921இல் தொடங்கி 930 வரை சொன்னாள். முன்வரிசையில் இருந்த விருந்தினர்களைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னாள். முடிந்ததும் சிலர்தான் கைதட்டினார்கள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள், ஷீல்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் சொன்னாள்: "கள்ளுண்ணாமைல ரெண்டு குறளை வரிசை மாத்திச் சொல்லிட்டேன். யாரும் கவனிக்கல." குரலில் வருத்தம் இருந்தது, பயம் இல்லை. மேடையில் கிடைத்த அத்தனை புகழுக்கும் வெளியே அவளுக்கென்று ஓர் அளவுகோல் இருப்பதை அந்த இருட்டில் அறிந்தேன். அது இருக்கும்வரை ஷீல்டு அவளைக் கெடுக்காது.

*

நாகர்கோவிலில் இடலாக்குடியைக் கடக்கும்போதெல்லாம் செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துக்கொள்வேன். அங்கே பிறந்தவர், அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு பேர் நூறு விதமாகக் கவனத்தை இழுக்க, எதையும் விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் கலை. ஒரு பக்கம் மணி அடிப்பார்கள், எத்தனை என்று எண்ண வேண்டும். முதுகில் கல் எறிவார்கள், அதையும் எண்ண வேண்டும். நடுவில் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார்கள். மனப்பாடத்தை இன்று மட்டமாகப் பேசுகிறார்கள். புரியாமல் உருப்போடுவது வீண் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மனத்தில் தங்கிய ஒன்றோடுதான் மனம் இரவில், பேருந்தில், காய்ச்சலில் பேசிக்கொண்டிருக்க முடியும். மகள் இப்போது ஒவ்வொன்றாகப் பொருள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கேட்பதற்கு அவளிடம் 1330 இருக்கின்றன.

*

பரிசுக்குத் தேர்வானதாகத் தகவல் வந்த வாரம், அவள் அப்பா ஓய்வு நாளில் வெளியே எங்கும் போகவில்லை. காலையில் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "முதல்லேருந்து சொல்லு, கேக்கேன்" என்றார். துண்டு துண்டாகத்தான் அதுவரை கேட்டிருக்கிறார். அவர் வண்டி திரும்புவதற்குள் எங்கள் மாலைப் பாடம் முடிந்திருக்கும். அவள் சொல்லத் தொடங்கினாள். பீடம் முடிந்ததும் தண்ணீர் குடித்தாள். பொருட்பாலில் குரல் கம்மியது, நான் சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அலைபேசி அடித்தபோது அவர் எடுக்கவில்லை. பிரிவாற்றாமை வந்ததும் அத்தை உள்ளேயிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடிந்தது.

"நல்லா சொன்னே மக்களே" என்றார் அவர். அவளிடமே. மூன்றாம் ஆள் யாரும் இல்லை.

அத்தை உடனே உப்பு எடுக்க எழுந்து போனார்.

*

பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாம் வகுப்பு. இப்போது மாலையில் அவனும் வருகிறான். தையல் இயந்திரப் பலகையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வது என் மகள். 'வான் சிறப்'பில் ஒரு குறளை அவன் தாண்டிப் போகிறான்; இவள் விரலை வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறாள். நேற்று பத்தையும் தடுக்காமல் சொல்லிவிட்டான். அவள் அவனைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "அம்மா, நான் மூணாங்கிளாஸ்ல இவ்வளவு வேகமாச் சொல்லல, இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பையன் அடுத்த அதிகாரத்தை நாளைக்கு வேண்டாம், இப்போதே சொல்லிக் கொடு என்கிறான்.