பழம் யாருக்கு?

2022 ஜனவரி 14 முதல் 18 வரை தமிழகக் கோயில்களுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இருக்கவில்லை; காரணம் ஓமிக்ரான் அலை. 18ஆம் தேதிதான் தைப்பூசம். பழநிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்ட வீட்டில், அண்ணன் 'போகாதே' என்றும் தம்பி 'நடந்தே தீருவேன்' என்றும் நின்றால் பக்தி யார் பக்கம்? பழநித் தலக்கதையே அண்ணன் தம்பி வழக்குதான். பழத்துக்கான போட்டியில் உலகைச் சுற்றப் பறந்தவன் தம்பி முருகன்; அம்மையப்பனை வலம்வந்து பழத்தை வாங்கியவன் அண்ணன் பிள்ளையார். (குறுக்குவழிதான், ஆனாலும் செல்லுபடியானது.) அதை ஏற்ற மரபு, வீட்டிலிருந்து கும்பிடுவதைக் குறைவென்று சொல்ல முடியாது.

தோற்றவனைத் தேடித்தானே கூட்டம் மலையேறுகிறது என்பார்கள். உண்மை. ஆனால் அவன் கோபித்துத் தனியே வந்து நின்றான். கூட்டத்தைக் கூட்டி வரவில்லை. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடலாமா என்றால், கடன் நேர்ந்தவருடையது. தொற்றோ எதையும் நேர்ந்துகொள்ளாத பாட்டியின் நுரையீரலில் வசூலாகிறது. விலகிப்போவது விசுவாசக் குறைவும் அல்ல. இதே பழநி மலைத்தொடரில் 1845இல் கொடைக்கானல் உருவானது, மதுரைச் சமவெளியில் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் மேலேறி வீடு கட்டியதால்தான். செபத்தை அவர்கள் விடவில்லை. அவர்களை டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் அதே நோய்க்குத் திரும்ப இறங்கியது வேறு கணக்கு.