உறங்கும்போது வளர்ந்த செல்வம்

ஒருவன் பகலெல்லாம் பாடுபட்டுக் கூலி பெறுகின்றான். மற்றொருவன் என்றோ வாங்கிய கம்பெனிப் பங்குகளைப் பேணி வைத்துவிட்டு உறங்குகின்றான். விழித்துப் பார்க்கும்போது அவை பன்மடங்கு விலையேறி நிற்கின்றன. இவ்விருவருள் தாம் வாழும் ஊருக்கு அதிகம் கடன்பட்டவர் யார்? அமெரிக்காவின் சியாட்டில் மாநகர மன்றத்தின் முன் 2024ஆம் ஆண்டு வந்து நின்றது இந்தக் கேள்விதான்.

சியாட்டில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. (தலைநகரான வாஷிங்டன் வேறு, இது பசிபிக் கரையோர மாநிலம்.) தனிமனிதரின் வருமானத்திற்கு வரி விதியாமல், விற்பனை வரியையே பெரிதும் நம்பி நெடுங்காலம் இருந்த மாநிலம் அது. குழந்தைக்குச் செருப்பு வாங்கும் ஏழைத்தாய் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வரியாகத் தர வேண்டும். பங்கு விற்றுக் கோடி குவித்தவனின் ஆதாயத்தை மாநிலமும் தொடவில்லை, நகரமும் தொடவில்லை. 2021இல்தான் சட்டம் வந்தது: பங்கு முதலியவற்றை விற்று ஓராண்டில் 2,50,000 டாலருக்கு மேல் பெறும் ஆதாயத்தில் மாநிலத்திற்கு 7 சதவீதம். வீடு, நிலம், ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 2023 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 2024 நவம்பரில் அதனை நீக்கக் கோரிய முயற்சியை வாக்காளரே தோற்கடித்தனர். அதே மாதத்தில், நகரத்தின் பங்காக இன்னுமொரு 2 சதவீதம் விதித்து எளியோரின் குடியிருப்புக்கும் உணவுக்கும் உதவலாம் என்ற யோசனையை மாநகர மன்றம் நிராகரித்துவிட்டது.

நிராகரித்தது தவறென்றே கருதுகிறேன். பங்கு வாங்கியவனின் துணிவையும் அறிவையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கம்பெனி காட்டில் வளர்ந்ததா? நகரின் துறைமுகமும், பல்கலைக்கழகமும், அதிகாலையில் பேருந்து ஓட்டுபவனும் சேர்ந்தல்லவா அதனை வளர்த்தனர்? அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கம்பெனி செழித்தபோது அவ்வூரில் வாடகையும் ஏறிற்று. ஒரே வளர்ச்சி ஒருவனுக்கு ஆதாயமாயிற்று. அவன் அலுவலகத்தைக் கூட்டுபவளுக்கு வீட்டைவிட்டு வெளியேறும் கட்டளையாயிற்று. அந்த இழப்புக்கு ஈடு செய்யும் பொறுப்பு யாருடையது?

ஜகாத் வேறு, அரசின் வரி வேறு. இரண்டையும் நான் குழப்பவில்லை. எனினும் மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்க்கு ஓர் அளவுகோல் நினைவிருக்கும். மழையால் விளைந்த தானியத்தில் பத்தில் ஒன்று. ஏற்றம் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. மண்ணுக்குள் கண்டெடுத்த புதையலில் ஐந்தில் ஒன்று. வியர்வை குறையக் குறையக் கடமை கூடுகின்றது! மேலும், எவ்வூரில் பொருள் இருக்கின்றதோ அவ்வூர் ஏழைக்கே முதலுரிமை என்றும் சட்ட மேதைகள் வகுத்தனர். சியாட்டிலில் இந்த அளவுகோல் தலைகீழாக அல்லவா கிடக்கின்றது?

மறுப்போர் சொல்வதில் ஒன்று வலுவானது. ஏரிக்கு அக்கரையில் பெல்வியூ நகரம் இருக்கின்றது. செல்வர் அங்கே குடிபோய்விடுவர் என்பர். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2023இல் மயாமிக்கே பெயர்ந்தார். பெற்றோருக்கு அருகிலிருக்க விரும்பியதும், தம் விண்வெளி நிறுவனப் பணிகள் அப்பக்கம் நகர்வதும் காரணம் என்றார். மாநில வரியும் ஒரு காரணம் என்று பலர் பேசினர். சிலர் போகத்தான் செய்வர். ஆனால் பள்ளி, நட்பு, தொழில் யாவும் ஓரிடத்தில் வேரூன்றிய குடும்பங்கள் எல்லாம் இரண்டு சதவீதத்திற்காகப் பெயர்ந்துவிடும் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

மற்றொரு குறை உண்மையானது. பங்குச் சந்தை சரிந்தால் வரியும் சரியும். மாநில வரியின் இரண்டாம் ஆண்டு வசூல் முதலாண்டைவிட வெகுவாகக் குறைந்தது. ஆகவே மாதாமாதம் தர வேண்டிய சம்பளத்தை இதில் கட்டி வைக்கலாகாது. யூசுஃப் நபி (அலை) செழித்த ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதைப் போல, நல்ல ஆண்டின் மிகுதியை ஒதுக்கி வைத்து, அதைக் கொண்டு வீடுகளைக் கட்டலாம். கட்டி முடித்த வீடு, பிறகு சந்தை விழுந்தாலும் நிற்கும். அலுவலகம் கூட்டுபவள் அதில் குடியிருப்பாள்.