அந்தியில் எண்ணுகிறவர்கள்

கோழி வளர்க்கும் வீடுகளில் அந்திப் பொழுதிற்கென்று ஒரு கடமை உண்டு. மேற்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கொல்லைப்புறத்துக் கதவைத் திறந்துகொண்டு வீட்டுப் பெண் வருவாள். ஒரு கைப்பிடி நொய்யோ கம்போ இறைப்பாள். கூட்டுக்குள் புகும் ஒவ்வொன்றையும் பார்த்து எண்ணுவாள். அவள் எண்ணுவது பெரும்பாலும் அடையாளங்களைக் கொண்டுதான்: செவலை, கருப்பி, கொண்டைக்காரி, போன மாதம் நாய் வாயிலிருந்து தப்பியது. ஒன்று குறைந்தாலும் கூட்டின் கதவு மூடப்படுவதில்லை. வேலியோரம், வைக்கோற்போரின் அடி, அடுத்த வீட்டு முருங்கைக் கிளை என்று தேடல் தொடங்கிவிடும். கீரி கொண்டுபோயிற்றா, களவு போயிற்றா, கண்ணுக்கு மறைவாய் எங்கேனும் அடைகிடக்கிறதா என்று தெரியும்வரை அந்த வீட்டில் உலை கொதித்தாலும் கவனிப்பாரில்லை.

இந்த அன்றாடக் கணக்கெடுப்பில் ஓர் அறக்கருத்து பொதிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாட்டுக்கோழிக்கு இரை போடுவது பெரிய காரியமன்று. பகல் முழுவதும் அது தானே கிளறி மேய்ந்துகொள்ளும். குப்பைமேடும் கறையானும் அதற்கு உணவாகும். ஊரார் முற்றத்தில் சிந்திய தானியத்தையும் அது கேளாமல் தின்னும். ஆயினும் அது இன்னார் வீட்டுக் கோழி என்பதை இரை தீர்மானிப்பதில்லை. அந்தியில் அது எங்கே சென்று அடைகிறதோ அந்த வீட்டுக் கோழி அது. ஆகையால்தான் சந்தையில் வாங்கி வந்த கோழியை மூன்று நான்கு நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கிறார்கள், அல்லது காலில் கயிறு கட்டி வைக்கிறார்கள். இடம் பழகிய பின் அவிழ்த்துவிட்டால், எங்கே மேய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் அங்கேயே திரும்பிவிடும்.

வீடு என்பது யாது? கூரையும் சுவரும் கதவும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கோழி வளர்க்கிறவளைக் கேட்டால் வேறு விடை கிடைக்கக்கூடும். பொழுது சாய்ந்த பின்னும் நாம் திரும்பாவிட்டால், நம்மைத் தேடிப் புறப்பட ஓர் ஆள் இருக்கும் இடமே வீடு. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், பேருந்து நிலையத்துச் சிமெந்துப் பலகையிலும் மூடிய கடைகளின் படிகளிலும் இரவைக் கழிப்போர் இழந்திருப்பது கூரையை மட்டுமன்று. அவர்களுள் ஒருவர் இன்றிரவு வராமற்போனால், அந்த இடம் காலியாக இருப்பதைக் காண்பவர் யார்? வீடற்றோருக்கு உதவுவது பற்றிப் பேசும்போதெல்லாம் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்றே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவர்களை எதிர்பார்த்திருக்கும் கடமை நமக்கு உண்டா என்று கேட்பதில்லை.

கொடுப்பதில் நம் எளிய மக்கள் குறைந்தவர்களல்லர். நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, முறைக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். அவற்றில் அடைவைக்கப் போக மிஞ்சியது வீட்டுப் பெண்ணின் சிறுவாடு. கணவன் கேட்காத பணம் அது. சில வீடுகளில் அவளுக்கென்று இருக்கும் ஒரே பணமும் அதுவே. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், திடீர்க் காய்ச்சலுக்கு மருந்தும், பங்குத் திருவிழாவின் புதுச்சட்டையும் அந்த முட்டைகளிலிருந்து வருபவை. வெயில் காலத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் கூடு காலியாகிவிடும். கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டவர்கள் தப்பித்தார்கள். இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவிலும் அண்டை வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு முட்டை போகும். நோயில் இளைத்த குழந்தைக்குக் கேளாமலே போகும். இன்னும் ஒரு வழக்கம் உண்டு. கோழி வாங்க வழியில்லாதவளுக்குத் தன் பெட்டையை வாரத்துக்கு விடுவாள் ஒருத்தி. வளர்ப்பவள் பொரித்த குஞ்சுகளில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தனதாக்கிக்கொள்வாள். வட்டியும் பத்திரமும் இல்லாத கடன் அது. சுயஉதவிக் குழுக்கள் தோன்றுமுன்பே நம் பெண்கள் அறிந்திருந்த பொருளாதாரம்.

ஆனால் வாரத்துக்குக் கோழி வாங்கவும் ஒரு கொல்லை வேண்டும். கவிழ்த்து வைக்கப் பஞ்சாரமும், அதை வைக்க ஒரு முழ நிலமும் வேண்டும். வீடற்றவன் ஏழைகளின் இந்தச் சிறு கொடுக்கல் வாங்கலுக்கும் வெளியே நிற்கிறான். அவனுக்கு எஞ்சுவது உண்டு தீர்க்கக்கூடிய உதவி ஒன்றே. திருமணத்தில் மிஞ்சிய சோறும், பிறந்தநாளுக்கு வழங்கும் பொட்டலமும் அவனைத் தேடி வருகின்றன. அவற்றை இகழ எனக்கு மனம் வராது. பசித்தவனுக்கு அது வெறும் பொட்டலமன்று. எனினும் நாம் ஏன் இவ்வளவு இலகுவாகச் சோறு கொடுக்கிறோம், இடம் கொடுக்க இவ்வளவு அஞ்சுகிறோம்? சோறு உண்டதும் தீர்ந்துவிடுகிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நாளைக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. இடமோ அவ்வாறன்று. இன்று திண்ணையில் படுத்தவர் நாளையும் வருவார். அவருக்கொரு பெயர் உண்டாகும். அவர் இருமினால் நம் உறக்கம் கலையும். நம் அச்சத்திற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். களவு உண்டு, குடி உண்டு, காலையில் கூட்டித் தள்ளவேண்டிய அசுத்தம் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு இரும்புக் கதவைப் பூட்டுவோர் எல்லாரும் கல்நெஞ்சர்களல்லர். நம் ஆலய வளாகங்களும் அதே நேரத்தில்தான் பூட்டப்படுகின்றன.

அரசாங்கமும் எண்ணாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, வீடற்றோரை அவர்கள் படுத்திருந்த இடங்களுக்கே சென்று எண்ணினார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் என்று கணக்கு வந்தது. பத்தாண்டுகளுக்கு ஓர் இரவு! அடுத்த கணக்கு 2021இல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் அதுவும் தள்ளிப்போயிற்று. நாள்தோறும் அந்தியில் ஒன்பது கோழிகளை எண்ணும் பெண்ணோடு இதை ஒப்பிடுவது முறையன்று என்பர் சிலர். அரசு தாயாக இயலாதுதான். நீதிமன்றம் தட்டிய பிறகேனும் அது சிறிது அசைந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2013இல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில், இலட்சம் மக்கள் வாழும் நகரில் நூறு பேருக்கேனும் தங்குமிடம் அமையவேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி இருக்கவேண்டும் என்று அளவு வகுத்தார்கள். அது நன்று. ஆனால் 50 சதுர அடியில் படுத்திருப்பவர் ஒருநாள் வராவிட்டால், பதிவேட்டில் ஒரு கட்டம் வெறுமையாகும். அதற்கு மேல் என்ன நிகழும் என்பது அங்குள்ள பணியாளரின் மனத்தைப் பொறுத்தது.

இங்கே ஒரு தடை எழுகிறது. அதைத் தாண்டாமல் மேலே செல்லக்கூடாது. கோழியை எண்ணுவது அன்பினாலா? அது உடைமை, ஆகையால் எண்ணுகிறார்கள். விருந்தாளி வந்த அன்று எண்ணிக்கையில் ஒன்று குறையும். அப்போது யாரும் தேடிப்போவதில்லை. காலில் கயிறு கட்டி இடம் பழக்குவது கோழிக்குச் சரி, மனிதனுக்குச் சரியாகுமா? இந்த நாட்டில் மனிதருக்கும் அது செய்யப்பட்டதுண்டு. சென்னை மாகாணத்தில் 1945இல் இயற்றப்பட்ட பிச்சையெடுப்புத் தடைச் சட்டம், தெருவில் கை நீட்டுபவரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழி செய்தது. அவர்களையும் எண்ணினார்கள்; ஓடிவிடாதபடி எண்ணினார்கள். 1959இல் பம்பாயில் பிறந்த அத்தகைய சட்டத்தின் பல பிரிவுகள் தில்லியில் செல்லாதென்று தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. தப்பிவிடுவான் என்று எண்ணுவதும் வருவானா என்று எண்ணுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தெருவில் உறங்குவோரில் பலர் காப்பகத்தின் பெயரைக் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவதன் பொருளை நாம் இங்கேதான் தேடவேண்டும்.

உடைமையாக்காமல் ஒருவருக்காகக் காத்திருக்க இயலுமா? ஆண்டவர் எருசலேமை நினைந்து புலம்பியபோது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ள விழையும் பெட்டைக் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். மத்தேயுவும் லூக்காவும் இதைக் குறித்துவைத்துள்ளனர். லூக்காவில் இதற்குச் சற்று முன்னர்தான் ஏரோதை நரியென்கிறார். நரியும் கோழியும் ஒரே பக்கத்தில் இடம்பெறுவது தற்செயலென்று நான் நினைக்கவில்லை. ஆனால் நம் கவனத்துக்குரியது அந்த ஒப்புமையின் முடிவு. குஞ்சுகள் வர விரும்பவில்லை. கோழி சிறகை விரித்தபடியே இருக்கிறது. கொத்தி இழுத்து வரவில்லை. தாய்க்கோழியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அது குரல் கொடுக்கும், உடலைத் தாழ்த்தி இறகைப் பரப்பும். நுழைவது குஞ்சின் வேலை.

நம் மண்ணிலும் இதற்கோர் உருவம் இருந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த சத்திரங்கள் தம் கையை விட்டுப் போகாதிருக்கும் பொருட்டு 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அச்சத்திரங்களில் எல்லாச் சாதியினருக்கும் சோறு இருந்ததையும், நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவம் செய்ததையும், பெற்றோர் இறந்துபோன குழந்தைகளை வளர்த்துக் கல்வி அளித்ததையும் அதில் விவரிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு செய்தி. நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். ஏதோ காரணத்தால் அதுவரை உண்ண இயலாது போனவர்களுக்கென்று சோறு எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அவர்களை அழைக்கும் மணி அது. இருளில் யாரேனும் இருக்கிறாரா என்பது மணி அடிப்பவனுக்குத் தெரியாது. அவனிடம் பெயர்ப் பட்டியலும் கிடையாது. ஆயினும் யாரோ ஒருவர் இன்னும் வரவில்லை என்ற நினைப்பு அந்த ஓசையில் இருந்திருக்கிறது. மன்னராட்சியின் பெருமை பாட இதைச் சொல்லவில்லை. அந்தச் சோற்றை விளைவித்தவனின் குடிசையில் என்ன இருந்ததென்று கேட்டால் பெருமை குறைந்துவிடும். மணியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், கோழி வளர்க்கும் ஓர் அம்மாளை அறிவேன். அவர் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் முதியவர் ஒருவர் இரவில் வந்து படுப்பார். ஞாயிறுதோறும் ஓர் அவித்த முட்டை கொடுத்தனுப்புவது அம்மாளின் வழக்கம். நாளடைவில் கூட்டை மூடிவிட்டு உள்ளே போகுமுன் வாசலுக்கு வந்து, "பெரியவர் வந்துட்டாரா?" என்று மகனைக் கேட்கத் தொடங்கினார். ஓர் இரவு அவர் வரவில்லை. மழை வேறு. மகன் முணுமுணுத்தபடி கைவிளக்கோடு போனான். காய்ச்சலில் நினைவு தப்பி, சந்தைத் திடலின் ஓரத்தில் கிடந்தவரைக் கண்டான். அரசு மருத்துவமனையில் முகவரி கேட்டார்கள். உடனிருப்பவர் யாரென்றும் கேட்டார்கள். மகன் தன் வீட்டு முகவரியை எழுதிக் கையொப்பமிட்டான். அண்டை வீட்டார் மறுநாள் அம்மாளிடம், "அவரு உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்று விசாரித்தார்கள். "ஒண்ணும் வேணாம். தினம் வர்ற மனுசரு, வரல, அதான் போய்ப் பார்த்தோம்" என்றாராம்.

முதியவர் தேறினார். "உன் புண்ணியம் தாயி" என்று ஒருமுறை சொன்னதாகக் கேள்வி. இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டார். அம்மாளுக்கு வருத்தமிருந்தது, மறைக்கவில்லை. தேடலாமே என்று மகன் கேட்டபோது, பேருந்து நிலையத்துப் பூக்காரியிடம் மட்டும் சொல்லிவைத்தார். "கண்டா, அம்மா கேட்டாங்கன்னு சொல்லு. வரச் சொல்லாதே. அவரு என்ன கோழியா, கயித்தைக் கட்டி வைக்க?"

இப்போது அதே தாழ்வாரத்தில் வேறொருவர் படுக்கிறார். வயது நாற்பதுக்குள் இருக்கும். குடிப்பவர், போதையில் வாய் கெட்டவர். ஒருநாள் அம்மாளின் சேவலைக் கல்லால் அடித்துவிட்டார் என்ற புகாரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முட்டை அவருக்கும் போகிறது. திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு மகன் திரும்பிவிடுகிறான். அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாமென்று வீட்டார் தடுக்கிறார்கள். அவருடைய பெயரை அம்மாள் இன்னும் கேட்கவில்லை.