பாசி தின்னும் மீனின் பசி

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் முதலில் செத்தது ஒரு பிளென்னி. நோய் ஒன்றும் இல்லை, பட்டினி. தினமும் இரண்டு வேளை தீவனம் விழுந்த தொட்டியில் அது பட்டினி கிடந்து செத்தது. எப்படி என்று சொன்னால்தான் நான் கேட்க வந்த கேள்வி விளங்கும்.

பிளென்னி பாறை இடுக்குகளில் வாழும் சின்ன மீன். மன்னார் வளைகுடாவிலும் அந்தக் குடும்பத்து மீன்கள் உண்டு. நீந்துவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். இடுப்புத் துடுப்பை ஊன்றி, திண்ணையில் சாய்ந்திருக்கும் தாத்தா மாதிரி, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண் உங்கள் மேல் இருக்கும்போது இன்னொன்று தொட்டியின் அந்தக் கோடியைப் பார்க்கும். மற்ற மீன்களுக்கு நிறம்தான் இருக்கிறது, இதற்கு முகம் இருக்கிறது என்று தோன்றும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள்.

நான் அதற்காகவும் வாங்கவில்லை. தொட்டியில் பாசி பிடித்திருந்தது. கடைக்காரர் சொன்னார்: "லான்மோவர் பிளென்னி ஒண்ணு போடுங்க தம்பி. ஒரே வாரத்துல எல்லாத்தையும் மேஞ்சுரும்." புல்வெட்டும் இயந்திரத்தின் பெயரை ஒரு உயிருக்கு வைத்திருக்கிறார்களே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மேய்ந்தது. மூன்றாவது வாரம் தொட்டி பளபளத்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். கண்ணாடி முழுக்க அது வாய் வைத்து உரசிய சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள். 'எவ்வளவு வேலை செய்யுது பாரு' என்று பெருமைப்பட்டேன். இரண்டாவது மாதம் வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது. நான் போட்ட உருண்டைத் தீவனத்தை அது திரும்பியும் பார்க்கவில்லை. இந்த மீனுக்கு உணவு பாறையில் படியும் பாசியும் மட்கும்தான். சீப்பு மாதிரி வரிசையாக இருக்கும் மெல்லிய பற்களால் அவற்றைச் சுரண்டித் தின்னும். சிலது மெல்ல வேறு உணவுக்குப் பழகும், சிலது கடைசிவரை பழகாது. கண்ணாடியில் நான் பார்த்த தடங்கள் ஒரு பிராணி சோறு தேடிய தடங்கள். நான் அதை வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பவளப் பாறைகளை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. நியாயமான சட்டம். அதனால் நான் செயற்கைக் கல் அடுக்கினேன். ஆனால் புதுக் கல்லில் மேய்ச்சல் இருக்காது, மட்கும் பாசியும் சேர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும். கடலுக்குத் தீங்கு செய்யாத நல்லவன் என்ற நினைப்பிலேயே, சாப்பிட ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஒரு மீனைக் கூட்டி வந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் நண்பன் ஒருவன், "பேசாம கடல்லயே விட்டிருக்கலாம்லா" என்றான். மறுக்க முடியவில்லை. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. ஆனாலும், அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்காவிட்டால், தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்தே இருக்க மாட்டேன். இது உண்மை. அதே சமயம் இது எனக்குச் சாதகமான உண்மை. எனக்குக் கிடைத்த அறிவுக்கு விலை கொடுத்தது அந்த மீன்.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடாத நெல்லைக்காரர் குறைவு. தாமிரபரணித் தண்ணீருக்குள் கால் வைத்தாலே மொய்க்கும். அங்கே நாம் போகாத நாளில் எந்த மீனும் சாவதில்லை, ஆறு பார்த்துக்கொள்ளும். நாம் போடும் பொரி அன்பு மட்டும்தான், கடமை இல்லை. என் தொட்டியிலும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். வடிகட்டி, உப்புக் கலந்து நிரப்பியது. ஆவியாகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத் தினமும் ஊற்றுகிறேன். ஆனால் மே மாத வெயிலில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் அங்கே உயிர் போகும். மூடி போட மறந்தால் பிளென்னி துள்ளி வெளியே விழுந்து காய்ந்துவிடும். ஒன்றை வாங்குவது என்பது, ஆறும் கடலும் சும்மா செய்துகொண்டிருந்ததையெல்லாம் நம் தலையில் ஏற்றிக்கொள்வது. கூண்டு பெரிதா சிறிதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் அழுத நம்மில் எத்தனை பேர், அவள் எங்கே படுப்பாள், எவ்வளவு தூரம் நடப்பாள் என்று ஒருநாளாவது கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை. ஆசி வாங்கியிருக்கிறேன், வாழைப்பழம் கொடுத்திருக்கிறேன். அன்பு இருந்தது என்பதாலேயே பொறுப்பும் இருந்தது என்று ஆகிவிடாது. அன்பு நமக்குத் தோன்றும்போது வரும். பசி தினமும் வரும்.

ஆகவே மீன் வளர்க்கவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட எனக்கு இன்னும் துணிவில்லை. ஒரே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். இது எனக்கு என்ன செய்யும் என்று கேட்டு ஒரு உயிரை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நான் பார்க்காதபோது இது எதைத் தின்னும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும் என்று காத்திருப்போம். கடையில் வயிறு ஒட்டிய மீனைப் பார்த்து இரக்கத்திலோ அவசரத்திலோ வாங்க மாட்டோம். நம் கண் முன்னால் அது சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்போம். இடத்துக்காகச் சண்டை போடும் இனம் என்பதால் ஒரு தொட்டிக்கு ஒன்றோடு நிறுத்துவோம்.

இப்போது என் தொட்டியில் பின்பக்கக் கண்ணாடியை நான் துடைப்பதில்லை. பச்சையாகப் படர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த அத்தை, "ஏன்யா இப்பிடி அழுக்கா வச்சிருக்க?" என்றாள். பதில் சொல்லவில்லை. போன வாரம் கடைக்காரர் போன் செய்தார், புது பிளென்னி வந்திருக்கிறதாம். "சாப்பிடுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தெரியலயே தம்பி, வந்து பாருங்க" என்றார்.

பத்து நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.