வாசல்வரை வந்தவர்கள்

1949 ஜூலை மாதம், டப்ளின் நகரம். அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த டக்ளஸ் ஹைட் காலமாகியிருந்தார். ஐரிஷ் மொழி அழிந்துவிடக் கூடாது என்று 1893இல் இயக்கம் தொடங்கிய பெரிய மனிதர். நாட்டில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஹைட் புராட்டஸ்டன்ட் குரு ஒருவரின் மகன். தூய பேட்ரிக் பேராலயத்தில் அடக்க ஆராதனை நடந்தபோது, பிரதமர் ஜான் கோஸ்டெல்லோவும் அவருடைய கத்தோலிக்க அமைச்சர்களும் உள்ளே போகவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த கார்களுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி வெளியே வந்த பிறகு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். அமைச்சர்களில் நோயல் பிரௌன் ஒருவர்தான் துணிந்து உள்ளே போனார்.

இறந்தவர் மேல் அவர்களுக்கு எந்தப் பகையும் கிடையாது. பிற சபைகளின் வழிபாட்டில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக் கூடாது என்று அன்றைக்கு விதி இருந்தது. அவ்வளவுதான். ஒரு நாட்டின் பிரதமரையே அந்த விதி காருக்குள் உட்கார வைத்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஆச்சி சொன்ன கதையும் இதுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ., பக்கத்து வீடு கத்தோலிக்க ஆர்.சி. ஆச்சியின் மாமியார் இறந்த அன்று முதலில் ஓடிவந்தது பக்கத்து வீட்டு அம்மாதான். அடுப்பைப் பற்றவைத்து வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தது, பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தது, பெட்டிக்குள் விரிக்க வெள்ளைத் துணி தேடி எடுத்துத் தந்தது எல்லாம் அவர்தான். பெட்டியோடு கோயில்வரை நடந்து வந்தவர், வெளி வாசல் வந்ததும் நின்றுவிட்டார். வேப்பமரத்தடியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு ஆராதனை முடியும்வரை நின்றார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோருடனும் நடந்தார். “உள்ள வந்தா சாமியார் ஏசுவாருன்னு பயந்தா, பாவம்” என்பார் ஆச்சி. அதில் மனத்தாங்கல் துளியும் இருக்காது. எங்கள் சபைப் போதகர் ஐயா மட்டும் வேறு மாதிரியா என்ன? மாதா கோயில் தேர் பார்க்கப் போன பிள்ளைகளை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சாடியவர்தான் அவரும்.

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனாலும் அந்த அம்மாவைப்போலப் போகிறவர்களின் கால்கள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. நிறுத்துவது எதிர்வீட்டார் அல்ல, சொந்த வீட்டார். இரண்டு சபைகளுக்கு நடுவே நட்பு எப்படி உண்டாகிறது, எங்கே முறிகிறது என்று பல காலமாக யோசித்துவருகிறேன். எனக்குத் தெரிந்தவரை, அடுத்தவரிடம் போவது சுலபம். போய்விட்டு வந்து நம்மவர்களிடம் பதில் சொல்வதுதான் கஷ்டம். இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம்.

அந்நகரின் மேற்கே கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் பகுதிக்கும் புராட்டஸ்டன்டுகள் வாழும் ஷாங்கில் பகுதிக்கும் இடையில் கிளோனார்டு மடம் இருக்கிறது. ரெடம்ப்டரிஸ்ட் சபைத் துறவிகளின் மடம். 1941இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது, இந்தக் கோயிலின் நிலவறை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. இரண்டு பகுதிப் பெண்களும் அங்கே ஒன்றாக ஒதுங்கினார்கள். அடுத்த தலைமுறைக்குள் எல்லாம் மாறிவிட்டது. 1969 ஆகஸ்டில் மடத்தை ஒட்டிய பம்பாய் தெருவின் கத்தோலிக்க வீடுகள் கொளுத்தப்பட்டன. பிறகு அங்கே ஒரு சுவர் எழுந்தது. அது இன்னும் நிற்கிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வட அயர்லாந்துச் சண்டையில் சுமார் 3,500 பேர் செத்தார்கள்.

அந்தச் சண்டை வேதத்தைப் பற்றியதல்ல என்பார்கள். நிலம், ஆட்சி, வேலை, வாக்கு, யாருடைய கொடி என்பதெல்லாம் அதில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டியது, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்பதே. அதனால் கோயிலார் கைகழுவிவிட முடியாது.

1981இல் மேஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐரிஷ் குடியரசுவாதக் கைதிகள் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். ஊரே கொதித்த அதே ஆண்டில்தான், கிளோனார்டு மடத்தைச் சேர்ந்தவர்களும் நகரின் தென்பகுதியிலிருந்த ஃபிட்ஸ்ராய் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து வேதாகமம் வாசிக்கத் தொடங்கினார்கள். மடத்தின் பக்கம் கிறிஸ்டி மெக்கார்த்தி என்ற குரு, சபையின் பக்கம் கென் நியூவெல் என்ற போதகர். நியூவெல் முன்பு ஆரஞ்சு சங்கத்தில் இருந்தவர். கத்தோலிக்க எதிர்ப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட சங்கம் அது. அங்கிருந்து வந்த ஒருவர் மடத்துக் குருவோடு ஒரே மேசையில் வேதம் வாசித்தால் தன் மக்களிடம் என்னவெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்று நம்மால் ஊகிக்க முடியும். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1988இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியபோது, எழுந்து நின்று ‘அந்திக்கிறிஸ்து’ என்று கூச்சலிட்ட இயன் பெய்ஸ்லி இவர்கள் ஊர்த் தலைவர்தான். அவர் பின்னால் பெருங்கூட்டம் இருந்தது. 1999இல் இந்தக் கூட்டுறவுக்கு பாக்ஸ் கிறிஸ்டி அமைப்பின் சர்வதேச சமாதானப் பரிசு கிடைத்தது. பரிசுக்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகள்தான் என் மனத்தில் நிற்கின்றன.

1983இல் கிளோனார்டுக்கு ஜெரி ரெனால்ட்ஸ் என்ற குரு வந்துசேர்ந்தார். சுவரை ஒட்டிய ஸ்பிரிங்ஃபீல்ட் சாலையில் ‘கார்னர்ஸ்டோன்’ என்றொரு சிறு குழு இருந்தது, இரு சபையாரும் கலந்தது. அதில் இருந்த மெதடிஸ்ட் போதகர் சாம் பர்ச்சும் ரெனால்ட்ஸும் ஒரு காரியம் செய்தார்கள். கொலை நடந்த வீடுகளுக்கு இருவருமாகத் துக்கம் கேட்கப் போனார்கள். செத்தது கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா என்று பார்க்கவில்லை. கொன்றவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் குருவும் இழவு வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கனம். நம் பக்கத்திலும் துக்க வீட்டில் பேச்சு குறைவு. போனவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வேதசாஸ்திர வாதம் எதுவும் அந்த இடத்தில் நிற்காது. மரியாளைப் பற்றியும் போப்பைப் பற்றியும் இருவரும் ஒருபோதும் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். ஒத்துப்போகும்வரை காத்திருந்தால் எத்தனை வீட்டுக்குப் போகாமல் விட்டிருப்பார்கள்!

அதே மடத்தின் இன்னொரு குரு அலெக் ரீட். 1988 மார்ச் 19 அன்று ஒரு சவ ஊர்வலத்துக்குள் தவறி நுழைந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் இருவரைக் கூட்டம் இழுத்துப்போட்டு அடித்தது, பிறகு ஐரிஷ் குடியரசுப் படையான ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ரீட் ஓடிப்போய் உயிர் இருக்கிறதா என்று பார்த்தார், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தார், கடைசியில் மண்டியிட்டு ஜெபித்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. படத்தில் தெரியாதது ஒன்று உண்டு. அவருடைய சட்டைப்பையில் அப்போது ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சியினர், ஆயுதத்தை ஏற்காத தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூமுக்கு எழுதிய சமாதானக் கடிதம் இருந்தது. உறையில் ரத்தம் பட்டுவிட்டது. வேறு உறை வாங்கி, கடிதத்தை அதில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பேச்சுவார்த்தையின் நூல் பிடித்துத்தான் 1998ஆம் ஆண்டு புனித வெள்ளி சமாதான உடன்படிக்கை வந்தது.

2005 செப்டம்பரில் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தபோது அதைக் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல இருவர் வேண்டியிருந்தது. ஒருவர் அலெக் ரீட், மற்றவர் மெதடிஸ்ட் போதகர் ஹெரால்ட் குட். ரீட் சொன்னால் புராட்டஸ்டன்டுகள் நம்ப மாட்டார்கள், குட் சொன்னால் கத்தோலிக்கர் நம்ப மாட்டார்கள். இருவரும் சேர்ந்து சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

இதோடு நிறுத்திவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் அடுத்த மாதமே நடந்ததையும் சொல்லவேண்டும். ஃபிட்ஸ்ராய் கோயிலில் ரீடும் குட்டும் பேசிய கூட்டத்தில், வன்முறையில் உறவினரைப் பறிகொடுத்த புராட்டஸ்டன்ட் ஒருவர் கடுமையாகக் கேள்வி கேட்டார். ரீட் நிதானம் இழந்தார். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் கத்தோலிக்கரை நடத்திய விதம் நாஜிகள் யூதர்களை நடத்தியது போன்றது என்று சொல்லிவிட்டார். இருபத்து நாலு வருடம் தன்னவர்களோடு வேதம் வாசித்த சபையின் கோயிலுக்குள்ளேயே அந்தச் சொல் விழுந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார். செய்தித்தாள்கள் விடவில்லை. ஆனாலும் ரீடுக்கும் குட்டுக்கும் இருந்த நட்பு அறுபடவில்லை, கிளோனார்டும் ஃபிட்ஸ்ராயும் பிரியவில்லை. எனக்கு ஆயுத ஒப்படைப்பைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. மேடையில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்ட நட்பாக மட்டும் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோயிருக்கும். சேர்ந்து இழவு வீடு ஏறி இறங்கியவர்கள் நிறையத் தாங்குகிறார்கள்.

நம் ஊர்களிலும் ஒன்றிப்பு உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். ஒரு மாலை ஆர்.சி. ஃபாதர் எங்கள் பிரசங்க மேடையில் பேசுவார், எங்கள் ஐயா அவர்கள் கோயிலில் பேசுவார். கடைசியில் டீயும் வடையும். பிறகு அடுத்த ஜனவரிதான். 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்துத் தமிழில் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். எத்தனை பெரிய காரியம்! கத்தோலிக்கக் கோயில்களில் அதுதான் வாசிக்கப்படுகிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கோயில்களில் பழைய பைபிளே நிற்கிறது. அறிஞர்கள் கூடி முடித்துவிட்டார்கள், சபையார் இன்னும் கூடவில்லை.

சபையார் கூடுவதற்கு ரெனால்ட்ஸ் 1994இல் ஒரு வழி கண்டார். கிளோனார்டைச் சேர்ந்த கத்தோலிக்கர் சிலர் ஞாயிறு காலையில் ஷாங்கில் போன்ற பகுதிகளில் உள்ள ஏதாவதொரு புராட்டஸ்டன்ட் கோயிலுக்குப் போய், மற்ற சபையாரோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொண்டு வருவார்கள். ‘ஒற்றுமைப் பயணிகள்’ என்று பெயர். மேடை இல்லை, வரவேற்புரை இல்லை. தங்கள் பூசையையும் அவர்கள் விடவில்லை. நற்கருணைப் பந்தியில் இரு சபையாரும் சேர்ந்து அமர முடியாது என்ற விதி இன்னும் இருக்கிறது. அந்த வலியை மறைக்காமல் அதோடேயே போய் உட்கார்ந்தார்கள். ரெனால்ட்ஸ் 2015இல் காலமானார்.

போன மாதம் எங்கள் சேகரக் கமிட்டியில் இதைச் சொல்லி, நாமும் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆர்.சி. கோயில் பூசைக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். திருவிழாவுக்கு அல்ல, ஒற்றுமை வாரத்துக்கும் அல்ல. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. “அண்ணாச்சி, அவங்க மொதல்ல நம்ம கோயிலுக்கு வரட்டும். பொறவு நாம போவோம்” என்றார் ஒருவர். இன்னொருவர், “நம்ம ஆளுகளே நம்மள ஏசுவாவ” என்றார். முதலாமவரிடம், கிளோனார்டுக்காரர்கள் யாரும் வரட்டும் என்று காத்திருக்கவில்லை என்றேன். இரண்டாமவரிடம், ஏசத்தான் செய்வார்கள், தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஏசுவார்கள் என்று சொன்னவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவங்க பூசை காலையில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.